பயணம் கேளுங்கள்: லிஸ்பனில் அவசரமில்லாத ஒரு நாள்

சென்ற இதழில் என் மகள் வேலை பார்க்கும் லிஸ்பனைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்து மலைத்துப் போனேன். நான் தூத்துக்குடிக்காரி, பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மூன்று முறை போய், மொத்தமாக ஏழு மாதம் போலப் போர்ச்சுக்கலின் அந்தத் தலைநகரத்தில் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மகன் பாரிஸில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போகும்போது மூன்று நாள் லிஸ்பனும் போகிறோம். அதில் ஒரு நாள் நானும் என் கணவரும் மட்டும் தனியாகச் சுற்ற வேண்டும். எனக்கு 62 வயது, அவருக்கு 68. எனக்கு முழங்கால் வலி. ஏழு குன்று உள்ள ஊர் என்கிறார்கள், பயமாக இருக்கிறது. அந்த நாளை எப்படிக் கழிப்பது?
வாசகி, கோயம்புத்தூர்

பயப்படாதீர்கள் சகோதரி. எனக்கும் வலது முழங்கால் சரியில்லை. அந்த ஊரில் நான் முதலில் கற்றுக்கொண்டது, ஏறுவதை டிராமிடம் விட்டுவிட வேண்டும் என்பதுதான். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கெடுதல், அது உங்களுக்கே தெரிந்திருக்கும். அதனால் இறங்குவதைத் துண்டு துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உட்கார அந்த ஊரில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

முதல் நாளே மெட்ரோ நிலைய இயந்திரத்தில் ஆளுக்கொரு நவெகாந்த் அட்டை வாங்கிவிடுங்கள். அட்டைக்கு அரை யூரோ. அதில் பணம் போட்டு வைத்தால் மெட்ரோ, டிராம், ஆற்றுப் படகு எல்லாவற்றுக்கும் செல்லும். டிராமில் ஏறி டிரைவரிடம் டிக்கெட் வாங்கினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காசு. ஓர் அட்டையை இரண்டு பேர் பயன்படுத்த முடியாது.

காலை ஏழரைக்கெல்லாம் மார்த்திம் மொனிஸ் சதுக்கத்துக்குப் போய்விடுங்கள். 28ஆம் எண் மஞ்சள் டிராம் அங்கேதான் புறப்படுகிறது. பத்து மணிக்குப் போனால் வரிசையிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். ஏழரைக்கு வேலைக்குப் போகிற பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான் இருப்பார்கள், உங்களுக்கு ஜன்னலோர இருக்கை கிடைக்கும். 1930களில் செய்த ஒற்றைப் பெட்டி வண்டிகள் அவை. உள்ளே எல்லாம் மரம். திரும்பும்போது சக்கரம் கிறீச்சிடும், ஏற்றத்தில் முனகும். நவீன நீள டிராம் அந்தச் சந்துகளில் திரும்பவே முடியாது என்பதால்தான் இந்தப் பழைய வண்டிகளை இன்னும் பராமரித்து ஓட்டுகிறார்கள். சில இடங்களில் வீட்டுச் சுவர் ஒரு சாண் தூரத்தில் போகும், கையை வெளியே நீட்டாதீர்கள்.

கிராசா என்ற மேட்டில் இறங்குங்கள். தேவாலயத்தை ஒட்டி ஒரு முற்றம், பைன் மர நிழல், கீழே முழு ஊரும். இப்படி உட்கார்ந்து ஊரைப் பார்க்கும் மேடைகளை மிராதோரு என்கிறார்கள். கிராசா மேடை மேற்கே பார்த்தது. காலையில் சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கும், எதிரே குன்றின் மேல் உள்ள சாவோ ஜோர்ஜ் கோட்டை மீது வெயில் நேராக விழும். கோட்டைக்கு உள்ளே போக வேண்டாம் என்பது என் கருத்து. ஏற்றம், கரடுமுரடான படி, டிக்கெட், வரிசை எல்லாம் உண்டு. கிராசாவில் இருந்து பார்த்தால் கோட்டையும் தெரியும், அது காத்த ஊரும் தெரியும். பக்கத்துக் கடையில் "கலாவ்" கேளுங்கள். உயரமான கண்ணாடித் தம்ளரில் வரும் பால் காப்பி அது. வெறும் காப்பி என்றால் "பீக்கா" என்று சின்னக் கோப்பையில் ஒரு வாய் தருவார்கள், நம் நாக்குக்குக் கசப்பு.

அங்கே ஒரு மணி நேரம் இருந்துவிட்டு மறுபடி அதே 28இல் ஏறுங்கள். அதற்குள் கூட்டம் சேர்ந்திருக்கும், பரவாயில்லை, சில நிறுத்தம்தான். போர்த்தாஸ் தோ சோல் என்ற இடத்தில் இறங்கினால் தேஜோ ஆறு கண் முன்னே விரிந்து கிடக்கும். ஆறு என்றுதான் பெயர், அங்கே பார்த்தால் கடல் மாதிரிதான் இருக்கும். ஒரு சிலை நிற்கும், கையில் படகும் இரண்டு அண்டங்காக்கைகளும் வைத்துக்கொண்டு. நகரத்தின் காவலரான புனித வின்சென்ட் அவர். அடுத்த நிமிட நடையில் சாந்தா லூசியா. என் மனதுக்கு அந்த ஊரில் மிகப் பிடித்த இடம் அதுதான். பந்தலில் காகிதப்பூ, கீழே நீல ஓடு பதித்த திண்ணை. தேவாலயத்தின் வெளிச்சுவரில் ஓட்டுச் சித்திரம் ஒன்று, 1755க்கு முன் ஆற்றங்கரை அரண்மனைச் சதுக்கம் எப்படி இருந்தது என்று காட்டும். அதை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், மாலையில் அந்தச் சதுக்கத்துக்கே போகப் போகிறீர்கள். இங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருங்கள். கீழே அல்ஃபாமா தெருக்களில் கொடியில் உலரும் துணியையும், போய் வருகிற கப்பலையும் பார்த்துக்கொண்டு நான் ஒரு முழு முற்பகலைக் கழித்திருக்கிறேன்.

அங்கிருந்து டிராம் தண்டவாளத்தை ஒட்டியே மெதுவாக இறங்கினால் பத்து நிமிடத்தில் பேராலயம். அதற்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறது. பலர் கவனிக்காமல் தாண்டிப் போவார்கள், நீங்கள் போகாதீர்கள். அது புனித அந்தோணியார் பிறந்த இடம் என்று அங்கே கொண்டாடப்படுகிறது. பதுவை அந்தோணியார் என்று நாம் சொல்கிறோமே, அவர் 1195 வாக்கில் இந்த ஊரில் பிறந்த பிள்ளை. இத்தாலியின் பதுவையோடு பெயர் ஒட்டிக்கொண்டது பிற்பாடுதான். உவரியிலும் புளியம்பட்டியிலும் செவ்வாய்க்கிழமைதோறும் மதம் பார்க்காமல் எத்தனை பேர் அவரிடம் வந்து அழுகிறார்கள்! பூசை அறை வழியாக இறங்கினால் நிலவறையில் அவர் பிறந்த இடம். நான் முதன்முதலில் அங்கே நின்றபோது, உவரிக்கு என்னைக் கூட்டிப் போன என் பாட்டியை நினைத்து வாய்விட்டு அழுதேன். நீங்கள் எந்தச் சமயமானாலும் ஐந்து நிமிடம் போய் நின்றுவிட்டு வாருங்கள்.

ஜூன் மாதம் போவதாக இருந்தால் 13ஆம் தேதி அவர் திருநாள், ஊருக்கே விடுமுறை. முந்தின இரவு தெருவெல்லாம் மத்தி மீன் சுடும் புகை. "மஞ்செரிக்கு" என்று சின்னத் தொட்டியில் ஒரு செடி விற்பார்கள், நம் திருநீற்றுப்பச்சிலையின் உறவு. மூக்கை வைத்து முகரக் கூடாதாம், உள்ளங்கையால் தடவிக் கையை முகர வேண்டும். காதலிக்குக் கொடுக்கும் செடி அது. உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

மதியம் சாப்பாடு, அப்புறம் அறைக்குப் போய்க் கட்டாயம் ஒரு தூக்கம்.

நாலரைக்குக் கிளம்பி அந்த ஓட்டுச் சித்திரத்தில் பார்த்த சதுக்கத்துக்குப் போங்கள். பிராசா தோ கொமேர்சியோ என்று எழுதியிருக்கும். ஊர்க்காரர்கள் இன்னும் "தெரெய்ரோ தோ பாசோ", அதாவது அரண்மனை மைதானம் என்றே சொல்கிறார்கள். அரண்மனை போய் 270 வருடம் ஆகிறது. ஆற்றோரம் இரண்டு தூண்கள், நடுவே தண்ணீருக்குள் இறங்கும் படித்துறை. அதில் உட்காருங்கள்.

1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். காலைப் பூசைக்குக் கோயில்கள் நிறைந்திருந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. இடியும் கட்டடங்களுக்குப் பயந்து ஜனங்கள் திறந்தவெளி என்று இந்த ஆற்றங்கரைக்குத்தான் ஓடி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பின்வாங்கித் தரை தெரிந்தது, பிறகு அலை வந்தது. திருநாளுக்கு ஏற்றிய மெழுகுவர்த்திகளிலிருந்து பற்றிய நெருப்பு நாள்கணக்கில் எரிந்தது. 2004 டிசம்பர் 26 காலையைப் பார்த்த கடற்கரையிலிருந்து வந்தவள் நான். திருநாளுக்கு மறுநாள், தண்ணீர் பின்வாங்கியது, வேடிக்கை பார்க்க இறங்கிய பிள்ளைகள் என்று எங்களிடமும் அதே கதைதான். அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது அந்த ஊர் எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை. நீங்கள் நடந்து வந்த நேர்நேரான தெருக்கள் எல்லாம் அதற்குப் பிறகு பொம்பால் என்ற அமைச்சர் கட்ட வைத்தவை. சுவருக்குள் மரத்தால் கூண்டு போல் சட்டம் வைத்து, அடுத்த அதிர்ச்சியில் சுவர் விழுந்தாலும் சட்டம் நிற்கும்படி கட்டினார்கள்.

அங்கிருந்து ஆற்றை ஒட்டிச் சமதரையில் கால் மணி நேர நடை, காய்ஸ் தோ சொத்ரே படகுத்துறை. காசில்யாசுக்குப் போகும் படகில் ஏறுங்கள். பத்து நிமிடம்தான். வேலை முடிந்து அக்கரைக்கு வீடு திரும்புகிறவர்கள் போகும் படகு அது, அட்டையிலேயே போகலாம். உல்லாசப் படகுக்காரர்கள் இதே ஆற்றுக்குப் பல மடங்கு வாங்குகிறார்கள். அக்கரையில் நின்று பார்த்தால் காலையில் நீங்கள் உட்கார்ந்த கிராசா, சாந்தா லூசியா எல்லாம் மாலை வெயிலில் வரிசையாகத் தெரியும். ஜூனில் சூரியன் மறைய ஒன்பது மணி ஆகும். அவசரமே இல்லை.

மூன்று நாள் தங்குகிறோம். ஒரே நாளில் சிந்த்ரா அரண்மனை, பெலெம், கோட்டை, கஷ்காய்ஸ் கடற்கரை நான்கையும் முடிக்க முடியுமா?
வாசகர், ஓசூர்

முடியும். கால் வலியும் நாலு புகைப்படமும் மிஞ்சும். தம்பி, சிந்த்ராவுக்கு ஒரு நாள் முழுதாகக் கொடுங்கள், மடாலயம் உள்ள பெலெமுக்கு ஒரு முற்பகல். மற்றதை விட்டுவிடுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். முட்டை மட்டும் கேக்கில் இருந்தால் பரவாயில்லை. பட்டினி கிடக்க நேருமா?
வாசகி, மதுரை

நேராது, ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். நான் மீன் சாப்பிடுபவள். உப்பிட்டுக் காய வைத்த பக்கால்யாவ் மீனை அவர்கள் கொண்டாடுவதைப் பார்த்து, நம் கருவாட்டை இப்படி யாராவது விருந்தில் வைப்பார்களா என்று ஏங்கியவள். எனக்கு அங்கே திண்டாட்டம் இல்லை. என்னோடு வந்த சம்பந்தி அம்மா சைவம், அவரோடு சுற்றித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கால்தோ வெர்த் என்ற கீரை உருளைக்கிழங்கு சூப் பார்க்கச் சைவம் போல இருக்கும், அதில் பன்றி இறைச்சித் துண்டு போட்டுத் தருவார்கள். தோஸ்தா மிஸ்தா என்றால் ரொட்டிக்குள் சீஸும் பன்றி இறைச்சியும். "சேம் கார்னெ, சேம் பெய்ஷெ" என்று சொல்லிப் பழகுங்கள், இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்று அர்த்தம். மார்த்திம் மொனிஸ் சதுக்கத்தைச் சுற்றி நம் துணைக்கண்டத்துக்காரர்களின் கடைகள் நிறைய, பருப்பும் சோறும் கிடைக்கும். லுமியார் பகுதியில் ராதாகிருஷ்ணர் கோயில் இருக்கிறது. மொசாம்பிக்கிலிருந்து வந்து குடியேறிய குஜராத்திக் குடும்பங்கள் கட்டியது, அங்கே சைவ உணவகமும் உண்டு.

பாஸ்டல் டி நாட்டா சாப்பிடாமல் வராதீர்கள். முட்டை மஞ்சள் கருவும் பாலும் கருகக் கருகச் சுட்ட சின்னக் கிண்ணப் பலகாரம். பெலெமில் 1837 முதல் செய்கிற கடையில் சூடாகத் தருவார்கள், மேலே பட்டைத்தூள் தூவிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டை எங்கள் பக்கத்துக் கடலைத் தாண்டி, இலங்கையிலிருந்து ஒரு காலத்தில் அங்கே கப்பல் கப்பலாகப் போனது.

இன்னொன்று. சாப்பிட உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ் காய், சீஸ் கொண்டுவந்து வைப்பார்கள். இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள், தொட்டால் கணக்கில் ஏறும். வேண்டாம் என்று புன்னகையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஓர் உணவகத்தில் இது தெரியாமல் நாங்கள் நாலு பேரும் தட்டைக் காலி செய்து, சூப்புக்கு நிகராக அதற்கும் கொடுத்தோம்.

டிராமில் ஜேப்படி அதிகமாமே?
வாசகர், சேலம்

உண்மை. என் தங்கையின் பர்ஸ் போனது, நிற்க இடமில்லாத டிராமில், இறங்கும் நெரிசலில். பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பையை முதுகில் மாட்டாதீர்கள். கூட்டமான வண்டி வந்தால் விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுங்கள்.

மலையேறும் சின்ன ரயில்கள் உண்டு என்று படித்தேன். பாதுகாப்பானவையா? பிள்ளைகளை ஏற்றலாமா?
வாசகி, திண்டுக்கல்

பழனி விஞ்ச் தெரியுமல்லவா, அது போலக் கம்பிவடத்தில் ஓடுபவை. ஒன்று ஏற ஒன்று இறங்கும். 1885இலிருந்து ஓடிய குளோரியா தடத்தில் 2025 செப்டம்பர் 3 அன்று வடம் இணைப்பிலிருந்து விட்டுப்போய் விபத்து நடந்தது. 16 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தின வருடம் அதே வண்டியில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு போனவள் நான். செய்தி கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விபத்துக்குப் பிறகு மற்றத் தடங்களையும் நிறுத்திச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் போகும் நேரத்தில் எது ஓடுகிறது என்று அங்கே விசாரியுங்கள். ஓடவில்லை என்றால் பேருந்தில் மேட்டுக்குப் போங்கள். குளோரியா தடத்தின் அடியில் பூ வைத்திருந்தால் ஒரு நிமிடம் நின்று செல்லுங்கள்.

காலணி பற்றியும் ஒரு வார்த்தை. நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கல். நூறு வருடம் நடந்து நடந்து வழவழவென்று ஆனவை, மழை பெய்தால் சோப்பு போட்ட தரைதான். பிடிமானமுள்ள ரப்பர் அடிப்பாகம் வேண்டும். குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டவே வேண்டாம்.

பெலெம் மடாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறதாம். நம்மைக் கொள்ளையடிக்க வழி திறந்தவரின் கல்லறையை நாம் ஏன் காசு செலவழித்துப் போய்ப் பார்க்க வேண்டும்?
வாசகர், நாகப்பட்டினம்

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

அவர் 1524இல் கொச்சியில் இறந்தார். அங்கே புதைத்து, பிறகு எலும்புகளைக் கப்பலில் கொண்டுபோனார்கள். இப்போது ஜெரோனிமோஸ் மடாலயத் தேவாலயத்தில், நுழைந்ததும் ஒரு பக்கம் வெள்ளைக் கல்லில் கை கூப்பிப் படுத்திருக்கிறார். எதிர்ப்பக்கம் கவிஞர் கமோயிஸ். 1502இல் மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரைக் கப்பலைப் பெண்கள், குழந்தைகளோடு எரித்த மனிதர் வாஸ்கோ. அந்தக் கூப்பிய கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அதுதான் நினைவில் இருந்தது. பக்தியாக வந்து படம் எடுத்தவர்கள் நடுவே நான் பேசாமல் நின்றேன்.

மடாலயமோ கண்ணை எடுக்க முடியாத அழகு. தூணெல்லாம் கப்பல் கயிறு, பாசி, சிப்பி என்று கல்லில் பின்னியிருப்பார்கள். 1501இல் தொடங்கிய வேலை. கிழக்கே இருந்தும் ஆப்பிரிக்காவில் இருந்தும் வந்த சரக்குகள் மீது நூற்றுக்கு ஐந்து வரி போட்டுக் கட்டினார்கள். நம் பக்கத்து மிளகும் அந்தக் கல்லில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அங்கே நிற்கும்போது இன்னொன்றையும் நினையுங்கள். 1554இல் இந்த லிஸ்பனில்தான் முதன்முதலாகத் தமிழ் அச்சேறியது. தமிழ் எழுத்தில் இல்லை, ரோமன் எழுத்தில் தமிழை எழுதி அச்சிட்ட "கார்த்தில்யா" என்ற சின்னச் செபப் புத்தகம். அதற்கு உழைத்தவர்கள் வின்செந்தே நசரேத், ஜோர்ஜ் கார்வாலியோ, தோமா தா குரூஸ் என்ற மூன்று தமிழர்கள். பெயர் போர்ச்சுக்கீசியம், பேச்சு நம் பேச்சு. அந்த ஊரின் குளிரில் உட்கார்ந்து அவர்கள் தமிழை ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். ஓரியூரில் 1693இல் உயிர்விட்ட பாதிரியார் அருளானந்தரும் லிஸ்பனில் பிறந்தவர்தான். அந்தக் கடல்வழியில் வாஸ்கோ மட்டும் போய் வரவில்லை.

நான் யாழ்ப்பாணம். எங்கள் பேச்சில் போர்த்துக்கீசச் சொல் நிறைய என்று சொல்வார்கள். அங்கே போனால் உண்மையில் காதில் விழுமா அக்கா?
வாசகி, யாழ்ப்பாணம்

விழும் தங்கச்சி, என்னைவிட உங்களுக்கு அதிகம் விழும். நாங்கள் நாற்காலி என்பதை நீங்கள் கதிரை என்பீர்கள், அங்கே கதெய்ரா. உங்கள் பாண் அங்கே பாவ்ங், சப்பாத்து சபாத்து, துவாய் துவால்யா, குசினி குசீன்யா, அலவாங்கு அலவாங்கா. எங்களுக்கும் பொதுவாக மேசை, அலமாரி, சாவி, அன்னாசி எல்லாம் உண்டு. அன்னாசி அங்கேயும் அனனாஸ்தான்.

சாந்தா லூசியாவில் ஒரு முற்பகல் ஒரு பாட்டியம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். காய்கறி வைத்த தள்ளுபை, கறுப்பு உடுப்பு. அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு அவர் பாஷை வராது. எங்கே வீடு என்று சைகையில் கேட்டேன். கீழே அல்ஃபாமாவில் ஒரு பச்சைக் கதவுக்கு மேலே கையைக் காட்டி "ஜனெலா" என்றார். "ஜன்னல்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து ஆட்டி "ஷாவ்" என்றார். "சாவி" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் திண்ணையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அரை மணி நேரம் நாங்கள் இருவரும் மாறி மாறிச் சொல் சொல்லிக்கொண்டிருந்தோம். போகும்போது தள்ளுபையிலிருந்து இரண்டு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.